சுவாசப்பையில் குருதிக்கட்டி: சி.ரி. ஸ்கேன் அதை எவ்வாறு காட்டுகின்றது?

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்: குருதிச் சுற்றோட்டம், மின்காந்த அலைகள் ஆகிய அலகுகளுக்கான துணைப்பாடம்



குருதிச் சுற்றோட்டத்தை உயிரியலிலும், எக்ஸ் கதிர்களைப் பௌதிகவியலிலும், ஒருங்கமை சமன்பாடுகளைக் கணிதத்திலும் தனித்தனியே கற்கின்றீர்கள். ஒரு நோயாளியின் உயிரைக் காப்பதற்கு இம்மூன்றும் ஒன்றுசேரும் இடத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• காலில் உண்டாகும் குருதிக்கட்டி சுவாசப்பையை அடையும் பாதையை ஒழுங்காக எழுதவும்
• சி.ரி. ஸ்கேன் தொழிற்படும் தத்துவத்தை விளக்கவும்
• அயடீன் கலந்த மருந்து ஏற்றப்படுவதற்கான காரணத்தைக் கூறவும்
• எவருக்கு ஸ்கேன் தேவை, எவருக்குத் தேவையில்லை என்பதற்குக் காரணம் காட்டவும்
• ஆபத்தான அறிகுறிகளை இனங்காணவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

1. ஒரு நிகழ்வு

பின்வருவது பாடத்திற்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டாகும். கவனமாக வாசியுங்கள். இறுதியிலுள்ள வினா இதனை அடிப்படையாகக் கொண்டது.

நோட்டன் பிரிட்ஜ் பகுதியிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 42 வயதுத் தாய் ஒருவர் மழையில் வழுக்கி விழுந்து வலது கால் எலும்பை முறித்துக் கொண்டார். காலுக்கு மாக்கட்டுப் போடப்பட்டது. மூன்று வாரம் லயத்து அறையிலேயே படுத்திருந்தார். அக்காலில் வீக்கமும் வலியும் கூடின. ஒரு நாள் காலை திடீரென மூச்சு வாங்கியது. மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சில் குத்தியது. "வாய்வுப் பிடிப்பாக இருக்கும், இஞ்சித் தண்ணி குடித்தால் சரியாகிவிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பத்தாம் ஆண்டு படிக்கும் மகள் அம்மாவின் நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்தாள். நிமிடத்திற்கு 112.

அந்த மகளின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

2. கட்டி பயணம் செய்யும் பாதை

காயம் ஏற்பட்டால் குருதி உறைந்து கசிவு நிற்கின்றது. குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றுசேர, குருதி முதலுருவிலுள்ள பைபிரினோஜன் என்னும் புரதம் பைபிரின் இழைகளாக மாறி வலைபோல் அமைகின்றது. அவ்வலையில் குருதிக் கலங்கள் சிக்குகின்றன. இது உடலின் பாதுகாப்பு ஆகும். ஆனால் காயத்தை அடைக்க வேண்டிய கட்டி, குழாயின் உள்ளேயே உண்டானால் பாதுகாப்பே ஆபத்தாக மாறுகின்றது.

இதற்கு ஏதுவாகும் காரணிகள் மூன்று. ஜேர்மனிய மருத்துவர் ருடோல்ஃப் விர்சோவின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன.

(அ) குருதி ஓட்டம் மந்தமாதல். உதாரணம்: நீண்ட நாள் படுக்கை, மாக்கட்டு, பல மணி நேர பஸ் பயணம்.
(ஆ) குருதிக்குழாயின் சுவர் பாதிக்கப்படல். உதாரணம்: எலும்பு முறிவு, சத்திரசிகிச்சை.
(இ) குருதியின் உறையும் தன்மை அதிகரித்தல். உதாரணம்: கர்ப்ப காலம், மகப்பேற்றுக்குப் பின்னரான வாரங்கள், சில புற்றுநோய்கள்.

எமது நிகழ்வில் வரும் தாயிடம் முதலிரு காரணிகளும் உள்ளன.

காலின் ஆழமான நாளத்தில் உண்டான கட்டி பெயர்ந்தால் அது செல்லும் பாதை வருமாறு:

கால் நாளம் → கீழ்ப்பெருநாளம் → வலது சோணையறை → வலது இதயவறை → சுவாசப்பை நாடி → சுவாசப்பை நாடியின் கிளைகள்

இதயத்தை நோக்கிச் செல்லுகையில் நாளங்கள் மேலும் மேலும் அகன்று செல்வதால் கட்டி எங்கும் சிக்குவதில்லை. சுவாசப்பை நாடியோ கிளைவிட்டுக் கிளைவிட்டு ஒடுங்கிச் செல்கின்றது. எனவே கட்டி அங்கேதான் சிக்கும்.

நோட்டன் பிரிட்ஜ் மாணவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் சுரங்கவழியே வந்து நோட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின் நிலையத்தை இயக்குகின்றது. பின்னர் நோட்டன் அணையில் தேங்கி, அங்கிருந்து குழாய்வழியே 1950 இல் தொடங்கிய பழைய லக்ஷபான மின் நிலையத்திற்குச் செல்கின்றது. இத்தகைய குழாயொன்றில் மரக்கட்டை சிக்கினால் இரண்டு விளைவுகள் உண்டாகும். அடைப்பிற்கு அப்பால் நீர் போகாது. அடைப்பிற்கு முன்னால் அமுக்கம் கூடும். சுவாசப்பை நாடி அடைபட்டாலும் இவ்வாறே நிகழ்கின்றது. அப்பாலுள்ள சிற்றறைகளுக்குக் குருதி செல்லாததால் ஒட்சிசன் பெறப்படுவது குறைகின்றது. முன்னாலுள்ள வலது இதயவறை கூடிய அமுக்கத்திற்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதால் களைப்படைகின்றது. பெரிய கட்டி எனின் இதயம் நின்றுவிடவும் கூடும்.

நீர்க்குழாயின் வாயிலில் குப்பைகளைத் தடுக்கக் கம்பித்தட்டி பொருத்துவது வழக்கம். எமது நாளங்களில் அத்தகைய தட்டி இல்லை. ஒப்புமை அந்த இடத்தில் முடிவடைகின்றது.

நினைவிற் கொள்க: நாடிகள் பொதுவாக ஒட்சிசன் செறிந்த குருதியைக் கொண்டு செல்லும். சுவாசப்பை நாடி இதற்கு விதிவிலக்காகும். அதில் ஒட்சிசன் குறைந்த குருதியே செல்கின்றது.

3. சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஏன் போதாது?

எக்ஸ் கதிர்களை 1895 இல் வில்ஹெல்ம் ரொஞ்சன் கண்டுபிடித்தார். இவை அலைநீளம் மிகக் குறைந்த மின்காந்த அலைகள் ஆகும். வேகமாக வரும் இலத்திரன்கள் தங்குதன் இலக்கில் மோதும்போது இவை பிறப்பிக்கப்படுகின்றன. எலும்பு இவற்றைக் கூடுதலாக உறிஞ்சும்; வளி நிறைந்த சுவாசப்பை குறைவாக உறிஞ்சும்.

நெஞ்சு எக்ஸ் கதிர்ப் படத்தில் முன்னாலுள்ள விலா எலும்பு, நடுவிலுள்ள இதயம், பின்னாலுள்ள முள்ளந்தண்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பல பக்கங்களை அடுக்கி வைத்து வெளிச்சத்திற்குப் பிடித்து வாசிப்பது போன்றது இது. சில மில்லிமீற்றர் அகலமான நாடியினுள் இருக்கும் கட்டியை இவ்வாறு காணமுடியாது. படம் சாதாரணமாகத் தோன்றினாலும் கட்டி இருக்கலாம். ஆயினும் நியூமோனியா போன்ற வேறு காரணங்களை அறிய இப்படம் உதவும்.

4. சி.ரி. ஸ்கேன் தொழிற்படும் விதம்

சி.ரி. இயந்திரத்தில் எக்ஸ் கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழல்கின்றது. எதிர்ப்புறத்திலுள்ள உணர்கருவிகள், உடலைக் கடந்துவரும் கதிர்களின் அளவைப் பல திசைகளிலிருந்து அளக்கின்றன. இவ்வளவீடுகளைக் கொண்டு கணினி உடலின் குறுக்குவெட்டுப் படத்தைக் கணித்து வரைகின்றது.

கணினி செய்யும் வேலையை நீங்களும் செய்து பாருங்கள்.

செயற்பாடு

நான்கு பெட்டிகளைக் கொண்ட சதுரம் ஒன்றை வரைக. மேல்வரிசை அ, ஆ. கீழ்வரிசை இ, ஈ. ஒவ்வொரு பெட்டியும் குறித்தவோர் அளவு கதிரை உறிஞ்சுகின்றது. பெட்டியினுள் பார்க்க முடியாது. கதிர் கடந்துசென்ற பெட்டிகளின் கூட்டுத்தொகையை மட்டுமே அளக்கலாம்.

கிடையாக: அ + ஆ = 7, இ + ஈ = 4
நிலைக்குத்தாக: அ + இ = 5, ஆ + ஈ = 6

இவ்விரு திசைகள் மாத்திரம் போதுமா? அ = 2, ஆ = 5, இ = 3, ஈ = 1 என்பது பொருந்துகின்றது. ஆனால் அ = 3, ஆ = 4, இ = 2, ஈ = 2 என்பதும் பொருந்துகின்றதே! எது உண்மை என்று கூறமுடியாது.

இப்போது மூன்றாவது திசையில், அதாவது மூலைவிட்டமாக ஓர் அளவீட்டைச் சேர்ப்போம்: அ + ஈ = 3.

அ + இ = 5, அ + ஈ = 3 ஆகிய இரண்டையும் கூட்டினால்,
2அ + (இ + ஈ) = 8
இ + ஈ = 4 ஆதலால் 2அ = 4
எனவே அ = 2, ஆ = 5, இ = 3, ஈ = 1.

விடை ஒன்றே ஒன்றாகிவிட்டது. திசைகள் கூடக்கூட உள்ளே இருப்பது தெளிவாகின்றது. சி.ரி. ஸ்கேனின் தத்துவம் இதுவேயாகும்.

இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த இயந்திரத்தினால் 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி இலண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. அவ்வியந்திரம் 180 திசைகளில், திசைக்கு 160 அளவீடுகள் வீதம், 28,800 அளவீடுகளைப் பெற்றது. ஹவுன்ஸ்ஃபீல்டும், இக்கணித முறையைத் தனியாக ஆராய்ந்திருந்த அலன் கோர்மக்கும் 1979 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அன்று ஒரு வெட்டுமுகத்தைப் பெறப் பல நிமிடங்கள் சென்றன. நெஞ்சோ மூச்சுவிடும்போது அசைந்துகொண்டே இருக்கும். எனவே அவ்வியந்திரத்தால் சுவாசப்பைக் கட்டியைத் தெளிவாகக் காண இயலாது. நோயாளி படுத்திருக்கும் மேசை நகர நகரக் குழாய் இடைவிடாது சுழலும் சுருளி முறை வந்த பின்னரே இது கைகூடியது. 1992 இல் பிரான்சிய மருத்துவர்கள் இம்முறையால் சுவாசப்பை நாடிக் கட்டிகளைக் காணலாம் என அறிக்கையிட்டனர். இன்று முழு நெஞ்சையும் ஒரே மூச்சை அடக்கும் சில செக்கன்களில் ஸ்கேன் செய்து முடிக்கலாம்.

5. அயடீன் ஏன்?

சி.ரி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணாகும். இவ்வெண் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் தரப்படும். எண் கூடினால் புள்ளி வெண்மையாகவும், குறைந்தால் கருமையாகவும் தோன்றும்.

அட்டவணை (அண்ணளவான பெறுமானங்கள்)
வளி: −1000
சுவாசப்பை: −800
கொழுப்பு: −100
நீர்: 0
ஓடும் குருதி: +40
குருதிக்கட்டி: +50
அயடீன் கலந்த குருதி: +250 இற்கு மேல்
அடர்ந்த எலும்பு: +1000 அளவில்

அட்டவணையை நன்கு அவதானியுங்கள். குருதியும் குருதிக்கட்டியும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் கொண்டுள்ளன. எனவே மருந்து ஏற்றாது எடுக்கும் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றி, கட்டி பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதனைத் தவிர்க்கவே கை நாளத்தினூடாக அயடீன் கலந்த திரவம் வேகமாகச் செலுத்தப்படுகின்றது. அயடீனின் அணுவெண் 53 ஆகும். ஒட்சிசனின் அணுவெண் 8 மாத்திரமே. அணுவெண் கூடிய மூலகங்கள் எக்ஸ் கதிர்களை அதிகம் உறிஞ்சுவதால் அயடீன் கலந்த குருதி வெள்ளை வெளேரெனத் தெரியும். கட்டியினுள் திரவம் புகமுடியாது. எனவே வெண்மையான நாடியின் நடுவே கட்டி கருமையான இடைவெளியாகக் காட்சியளிக்கும். வெள்ளம் ஓடும் ஓடையில் பாறை மட்டும் நனையாமல் துருத்திக்கொண்டு நிற்பதை ஒத்தது இது.

நேரம் இங்கே மிக முக்கியமானது. திரவம் கை நாளம், மேற்பெருநாளம், வலது சோணையறை, வலது இதயவறை வழியாகச் சுவாசப்பை நாடியை அடையும் அக்கணத்திலேயே படம் எடுக்க வேண்டும். முந்தினால் நாடி வெண்மையாகாது. பிந்தினால் திரவம் இடது பக்கத்திற்குச் சென்றுவிடும். ஆகவே இயந்திரம் சுவாசப்பை நாடியின் எண்ணைத் தொடர்ந்து அவதானித்து, அது உயர்ந்தவுடன் ஸ்கேனை ஆரம்பிக்கின்றது. திரவம் ஏறும்போது உடல் முழுதும் சூடு பரவுவது போன்ற உணர்வு சிறிது நேரம் ஏற்படலாம். பயப்படத் தேவையில்லை.

6. மூச்சு வாங்கும் எல்லோருக்கும் ஸ்கேன் தேவையா?

தேவையில்லை. காரணங்கள் வருமாறு:

(அ) கதிர்ப்பு: நெஞ்சு எக்ஸ் கதிர்ப் படத்தினால் கிடைக்கும் கதிர்ப்பு ஏறத்தாழ 0.1 மில்லிசீவேட்டு அல்லது அதிலும் குறைவு. இந்த ஸ்கேனில் அது 5 மில்லிசீவேட்டு அளவாக இருக்கலாம். அதாவது 50 மடங்கு. இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டொன்றுக்குக் கிடைப்பது உலக சராசரியாக 2.4 மில்லிசீவேட்டு ஆகும். எனவே ஒரு ஸ்கேன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்ப்புக்குச் சமன்.
(ஆ) அயடீன் திரவம்: சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் கூடிய அவதானம் தேவை.
(இ) வசதி: இவ்வியந்திரம் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. தோட்டப்புற நோயாளி ஒருவரைக் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்கு மலைப்பாதையில் நெடுந்தூரம் கொண்டுசெல்ல நேரிடலாம்.

ஆகவே மருத்துவர்கள் முதலில் புள்ளியிட்டுச் சந்தேகத்தின் அளவை மதிப்பிடுகின்றனர். வெல்ஸ் புள்ளிமுறை இவற்றுள் பிரபலமானது.

காலில் குருதிக்கட்டிக்குரிய வீக்கமும் வலியும்: 3
வேறு நோயைவிட இதுவே நிகழக்கூடியது என மருத்துவர் கருதுதல்: 3
நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 100 இற்கு மேல்: 1.5
கடந்த 4 வாரத்தினுள் சத்திரசிகிச்சை, அல்லது 3 நாளேனும் படுக்கை: 1.5
முன்னர் இத்தகைய கட்டி ஏற்பட்டிருத்தல்: 1.5
இருமும்போது குருதி வெளிவரல்: 1
புற்றுநோய்: 1

மொத்தம் 4 இலும் கூடினால் நேரடியாக ஸ்கேன் செய்யப்படும். 4 அல்லது அதற்குக் குறைவெனின் முதலில் டீ-டைமர் என்னும் குருதிப் பரிசோதனை செய்யப்படும். பைபிரின் வலை உடைந்து கரையும்போது வெளிவரும் துண்டே டீ-டைமர் ஆகும். அது குறைவாக இருந்தால் கட்டி இல்லையென ஏறத்தாழ உறுதியாகக் கூறலாம், ஸ்கேன் தேவையில்லை. அது கூடினால் கட்டி உண்டு என்று பொருளல்ல. கர்ப்பம், தொற்று, காயம், முதுமை ஆகியவற்றிலும் அது கூடும். எனவே அப்போது ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

ஸ்கேனும் நூற்றுக்கு நூறு சரியானதல்ல. 2006 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கட்டியுள்ள 100 பேரில் ஏறத்தாழ 83 பேரை ஸ்கேன் சரியாக இனங்கண்டது. கட்டியில்லாத 100 பேரில் 96 பேருக்குக் கட்டியில்லை எனச் சரியாகக் காட்டியது. அதன்பின் இயந்திரங்கள் மேம்பட்டுள்ளன. எனினும் படத்தையும் நோயாளியையும் சேர்த்தே மருத்துவர் தீர்மானிப்பார்.

கர்ப்பிணிகளில் முதலில் கழியொலி ஸ்கேன் மூலம் கால் நாளங்களைப் பார்க்கலாம். அதில் எக்ஸ் கதிர் பயன்படுத்தப்படுவதில்லை. காலில் கட்டி காணப்பட்டால் சிகிச்சையை ஆரம்பிக்க அதுவே போதும்.

நினைவிற் கொள்க: சந்தேகம் வலுவாக இருப்பின், குருதிப்பெருக்கு ஆபத்து இல்லாதவருக்கு, ஸ்கேன் முடிவு வரும்வரை காத்திராமல் ஹெப்பாரின் போன்ற உறைதலைத் தடுக்கும் மருந்து தொடங்கப்படும். இம்மருந்து இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளர்வதைத் தடுக்கின்றது. கட்டியை உடல் தானே படிப்படியாகக் கரைக்கின்றது. ஆகவே ஸ்கேன் இயந்திரம் தொலைவில் இருக்கின்றது என்பதற்காக வீட்டிலேயே தங்கிவிடுவது பெருந்தவறு. அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே சிகிச்சை ஆரம்பமாகலாம்.

7. வீட்டில் அறிந்திருக்க வேண்டியவை

• திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கையில் நெஞ்சுக்குத்து, இருமலில் குருதி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியன ஆபத்து அறிகுறிகள். வாய்வு என்று எண்ணித் தாமதிக்க வேண்டாம்.
• இலவச அம்பியூலன்ஸ் சேவையான சுவசெரியவை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.
• வீங்கிய காலில் எண்ணெய் தேய்த்து நீவக்கூடாது. கட்டி பெயர்ந்து செல்லக்கூடும்.
• அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை, எலும்பு முறிவு, மகப்பேறு ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்காமலே கூறுங்கள். கிளினிக் புத்தகத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.
• படுக்கையில் இருப்பவர் மருத்துவரின் ஆலோசனைப்படி கால்விரல்களையும் கணுக்காலையும் அடிக்கடி அசைக்க வேண்டும். இயன்றளவு விரைவில் நடக்க வேண்டும்.

8. மாதிரி வினாக்கள்

பகுதி 1: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. காலிலிருந்து பெயரும் குருதிக்கட்டி முதலில் அடையும் இதய அறை எது?
(1) இடது சோணையறை (2) இடது இதயவறை (3) வலது சோணையறை (4) வலது இதயவறை

2. சி.ரி. ஸ்கேனிலும் கழியொலி ஸ்கேனிலும் பயன்படுபவை முறையே,
(1) மின்காந்த அலை, பொறிமுறை அலை (2) பொறிமுறை அலை, மின்காந்த அலை (3) இரண்டிலும் மின்காந்த அலை (4) இரண்டிலும் பொறிமுறை அலை

3. அயடீன் ஏற்றிய சி.ரி. படத்தில் குருதிக்கட்டி எவ்வாறு தோன்றும்?
(1) கருநாடியில் வெண்பகுதியாக (2) வெண்ணாடியில் கரும்பகுதியாக (3) எலும்பைவிட வெண்மையாக (4) வளியைவிடக் கருமையாக

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

முதலாம் பிரிவிலுள்ள நிகழ்வைக் கொண்டு விடை தருக.
(i) தாய்க்குக் குருதிக்கட்டி உண்டாக ஏதுவான காரணிகள் இரண்டு தருக.
(ii) மருத்துவரின் கருத்துக்குரிய புள்ளியைச் சேர்க்காது வெல்ஸ் புள்ளியைக் கணிக்க.
(iii) டீ-டைமர் பரிசோதனையின்றி நேரடியாக ஸ்கேன் செய்வது பொருத்தமானதா? காரணம் தருக.
(iv) அடைப்பு சுவாசப்பையில் இருக்க, இதயம் களைப்படைவது ஏன்?

விடைகள்

பகுதி 1: 1 – (3), 2 – (1), 3 – (2)

பகுதி 2:
(i) அசைவின்றிப் படுத்திருந்ததால் குருதி ஓட்டம் மந்தமானமை. எலும்பு முறிவினால் குருதிக்குழாய்ச் சுவர் பாதிக்கப்பட்டமை.
(ii) கால் வீக்கமும் வலியும் 3, நாடித்துடிப்பு 112 என்பதற்கு 1.5, படுக்கை 1.5. மொத்தம் 6.
(iii) ஆம். 6 என்பது 4 இலும் கூடியது. மேலும் எலும்பு முறிவினாலும் டீ-டைமர் கூடுமாதலால் அப்பரிசோதனை இங்கு பயன் தராது.
(iv) நாடி அடைபட்டதால் அதனுள் அமுக்கம் கூடுகின்றது. வலது இதயவறை அவ்வமுக்கத்திற்கு எதிராகக் குருதியைத் தள்ள வேண்டியுள்ளது.

பரீட்சார்த்திகள் அடிக்கடி விடும் தவறுகள்

• கட்டி இடது இதயவறைக்குச் செல்கின்றது என எழுதுதல். சுவாசப்பைக்குக் குருதியை அனுப்புவது வலது இதயவறையே.
• "அயடீன் கட்டிக்கு நிறமூட்டும்" என எழுதுதல். வெண்மையாவது கட்டியைச் சூழ்ந்த குருதியே.
• "ஹெப்பாரின் கட்டியைக் கரைக்கும்" என எழுதுதல். அது கட்டி வளர்வதையே தடுக்கும்.
• (iii) போன்ற வினாக்களில் "ஆம்" என்று மட்டும் எழுதி நிறுத்துதல். காரணத்திற்கே கூடிய புள்ளி வழங்கப்படும்.

மாணவர்களே, நாடித்துடிப்பை எண்ண உங்களுக்கு ஒரு மணிக்கூடும் இரு விரல்களும் போதும். இன்றே வீட்டிலுள்ள ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். எமது நிகழ்வில் அம்மாவைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல மகளுக்குக் கைகொடுத்தது அந்த எண்ணே.